குறை சொல்ல ஒருவர்

பல மண்டலங்கள் ஒன்றுசேர்ந்த ஒரு நாட்டில், தலைவரைத் தேர்ந்தெடுக்கும் காலம் வந்தது. மண்டல ஆளுநர் எவரும் தம் பெயரைப் பேரவையின் முன் வைக்கலாம். ஆனால், ஒரு விதி உண்டு. பெயரை வைப்பவர் தம் மண்டலத்தாருள் ஒருவரை உடன் அழைத்து வரவேண்டும். அந்த ஒருவர் அவை நடுவே நின்று, ஆளுநரின் குறையை அவர் முகத்துக்கு நேரே சொல்லவேண்டும். அத்தகைய ஒருவரைக் கொண்டுவர இயலாதவரின் பெயரைப் பேரவை ஏற்பதில்லை.

ஆளுநர் அருமைநாயகத்துக்கு அந்த ஒருவர்தான் கிடைக்கவில்லை.

சந்தைதோறும் பறையறைவித்துப் பார்த்தார். கூட்டம் திரண்டது, மாலைகள் குவிந்தன. ஒரு நெசவாளர் மட்டும் ஆளுநரிடம் குறை ஒன்று கண்டதாகச் சொல்லி முன்வந்தார். ஆளுநர் ஆவலோடு எழுந்து நின்றார். உடம்பைக் கவனியாமல் எங்களுக்காக உழைக்கிறீர்களே, அதுதான் குறை என்று சொல்லிவிட்டு, நெசவாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பேரவை கூடும் நாள் நெருங்க நெருங்க, அருமைநாயகத்துக்குச் சோறு இறங்கவில்லை. கடைசியில் தம் செயலர் தாண்டவராயனை அழைத்துக்கொண்டு, ஆற்றங்கரைச் சோலையில் இருந்த ஆசிரியை வடிவம்மையிடம் சென்றார். வடிவம்மை வயதில் இளையவர். ஆயினும், பாடம் கேட்ட நாளிலிருந்து அந்த அம்மையாரின் எதிரே அனுமதியின்றி அருமைநாயகம் அமர்ந்ததில்லை.

செய்தி முழுவதையும் வடிவம்மை கேட்டார். முறத்தில் இருந்த பயற்றைப் புடைத்து முடித்தார். பிறகு எழுந்தார்.

"அக்கரைச் சந்தையில் புளி வாங்கவேண்டும். தோணித்துறைவரை நடந்துகொண்டே பேசலாம், வாரும்."

அருமைநாயகம் திடுக்கிட்டார். அந்தத் துறையில் தோணி இல்லை. ஆற்றின் கீழ்ப்பக்கத்தில் தாம் கட்டிய பாலத்தைத் திறந்தபோது, தோணியை நிறுத்தும்படி ஆணையிட்டவரே அவர்தாம். அம்மைக்கு அது தெரியாதுபோலும் என்று எண்ணினார். சொல்லிவிடலாமா? ஆசிரியையைத் திருத்துவதா? மருதமரம் வரட்டும், சொல்லலாம் என்றிருந்தார். மருதமரம் வந்தது, போயிற்று. மடைவாயில் சொல்லலாம் என்றிருந்தார். அதுவும் போயிற்று. பின்னால் வந்த தாண்டவராயன் இருமுறை இருமினான். பிறகு அவனும் அடங்கிவிட்டான்.

வெயில் தணிந்த நேரம். நாணலுக்குள் காற்று அளைந்துகொண்டிருந்தது. அம்மை பாகற்கொடிக்குப் பந்தல் போடுவதைப் பற்றிப் பேசிக்கொண்டே நடந்தார். பேரவையைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை.

துறை வந்தது. தோணி கரையில் கவிழ்ந்து கிடந்தது. அதன் மேல் ஓர் ஆடு படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது.

வடிவம்மை ஆட்டின் அருகில் வசதியாக அமர்ந்தார்.

"தோணி எப்போது புறப்படும்?"

"புறப்படாது, அம்மையே."

"ஏன்?"

"நான்தான் நிறுத்தினேன்."

"அப்படியானால், சோலையை விட்டுக் கிளம்பும்போதே உமக்குத் தெரியும்."

"தெரியும்."

"ஏன் சொல்லவில்லை?"

"தங்களிடம் எப்படிச் சொல்வதென்று…"

அம்மை செயலர் பக்கம் திரும்பினார்.

"உமக்குத் தெரியாதோ?"

"ஆணையைப் படியெடுத்தவனே நான்தான், தாயே. ஆளுநரே வாய்திறவாதபோது நான் முந்திரிக்கொட்டையாக முந்தலாமா?"

அருமைநாயகத்துக்குச் சிரிப்பு வந்தது. பாதியிலேயே அது நின்றது. அவர் செயலரை ஏற இறங்கப் பார்த்தார்.

"தாண்டவராயா, இன்னும் எதையெல்லாம் விழுங்கி வைத்திருக்கிறாய்?"

ஒன்றுமில்லை என்றான் அவன். ஆளுநர் அவன் கையைப் பற்றித் தோணியின் மேல் உட்காரவைத்தார். ஆடு எழுந்து போயிற்று.

முதலில் சில்லறைக் குறைகள் வந்தன. விருந்துகளில் ஆளுநர் சொல்லும் யானைக் கதையை எல்லாரும் பலமுறை கேட்டிருக்கிறார்கள். ஆனாலும் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். குதிரை ஏறும்போது அவர் பாடுவார். அது பாட்டே இல்லை. ஆளுநர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். உள்ளூர ஓர் இதமும் அவருக்கு இருந்தது.

பிறகு தாண்டவராயன் குரலைத் தாழ்த்திக்கொண்டான். இக்கரைத் தயிர்க்காரிகள் முன்பெல்லாம் வெற்றிலை மென்று முடிப்பதற்குள் அக்கரை சேர்ந்தார்களாம். இப்போது பாலத்தைச் சுற்றிப் போவதற்குள் தயிர் புளித்துவிடுகிறதாம். முறையிட வந்தவர்களை வாயிலிலேயே திருப்பி அனுப்பியவன் அவனேதானாம்.

"பாலம் வேண்டியதுதான், ஐயா. வண்டிகளுக்கு அது பெரிய உதவி. ஆனால், தோணியை ஏன் நிறுத்தினீர்கள்? தோணி ஓடினால் பாலத்தில் கூட்டம் குறைவாகத் தெரியும். பாலத்தில் தங்கள் பெயர் பொறித்திருக்கிறது."

அருமைநாயகத்தின் முகம் சிவந்தது.

"இதை அன்றே சொல்லியிருந்தால்…" என்று உரத்த குரலில் தொடங்கினார்.

தாண்டவராயன் சட்டென்று எழுந்து கைகட்டி நின்றான்.

ஆளுநர் அந்தக் கட்டிய கைகளைப் பார்த்தார். அவர் குரல் தானாகவே இறங்கியது.

"உட்கார்."

அவன் தயங்கினான். பிறகு உட்கார்ந்தான்.

அக்கரையில் சந்தை இரைச்சல் மெல்லக் கேட்டது. பல நாளுக்குப் பிறகு அருமைநாயகத்துக்குப் பசி எடுத்தது. ஆயினும், ஒரு கேள்வி எஞ்சியிருந்தது.

"அம்மையே, எனக்குக் குறை சொல்லும் ஆள் கிடைத்துவிட்டான். இவனை அழைத்துச் சென்றால் பேரவை என் பெயரை ஏற்கும். ஆனால், இவன் சொல்வதைக் கேட்டபின் என்னை யார் தலைவராக்குவார்கள்?"

"அது பேரவையின் கவலை" என்றார் வடிவம்மை. எழுந்து, சேலைத் தலைப்பை இடுப்பில் இழுத்துச் செருகிக்கொண்டார். "தோணியை நீரில் இறக்க ஓர் ஆளுநர் போதும். அந்தப் பக்கத்தைப் பிடியும்."