பூவாயி திறக்காத மூடி

மலையடிவாரத்தில் ஒரு நாவல் மரம். அதன் பொந்துக்குள் ஒரு தேனீக் கூட்டம் குடியிருந்தது. அங்கே புழுக்களுக்கு ஊட்டி வளர்ப்பது பூவாயி என்ற தேனீயின் வேலை.

பூவாயிக்கு ஒரு புழுவின் மேல் கொள்ளை ஆசை. எவ்வளவு ஊட்டினாலும் அதற்குப் போதாது. அது வளர்ந்ததும், அதன் அறைக்கு அவளே மெழுகு மூடி போட்டாள். பதினோரு நாளில் மூடியைக் கடித்துக்கொண்டு குட்டித் தேனீ வெளியே வர வேண்டும். பதினாறு நாள் ஆகியும் வரவில்லை. பூவாயி மூடியின் மேலேயே உட்கார்ந்து கிடந்தாள். உள்ளே சின்னதாய் ஒரு அசைவு கேட்காதா என்று ஏங்கினாள். அதற்குள் பக்கத்து அறைகளிலும் புழுக்கள் வாடத் தொடங்கின.

ஒரு மத்தியானம் வாசலில் ஓர் ஆண் தேனீ வந்து இறங்கினான். பெயர் தொந்தியன். தேன் எடுக்கத் தெரியாது, கொட்டத் தெரியாது, ஊர் சுற்ற மட்டும் நன்றாகத் தெரியும். ஆண் தேனீயை எந்தக் கூட்டிலும் தடுப்பதில்லை.

"சாப்பாட்டு நேரம் பார்த்து வந்துட்டீங்களே அண்ணே! உள்ளே வாங்க!" என்று காவல்காரி வீரம்மா கிண்டலடித்தாள்.

"வேண்டாம் தாயி! நாலு வீடு போறவன் நான். ஒரு வீட்டு நோய் என் காலோட இங்கே வந்துடும். வாசல்லயே நிக்கறேன். ஆமா, உள்ளேயிருந்து புளிச்ச வாடை வருதே! மூடியைத் திறந்து பாருங்க! செத்த புழு இருந்தா தூக்கித் தூரத்துல போடுங்க! இல்லேன்னா கூடே காலியாயிடும்!"

"இதெல்லாம் உங்களுக்கு யார் சொன்னது?"

"பல்கலைக்கழகத் தோட்டத்துப் பெட்டியில பொறந்தவன் நான். தேனீ வளர்க்கிறவங்களுக்கு வாத்தியாரம்மா அங்கேதான் பாடம் நடத்துவாங்க. எனக்குத்தான் வேலை வெட்டி கிடையாதே! எல்லாத்தையும் கேட்டுக்கிட்டே கிடந்தேன்."

கூடே சிரித்தது. பூவாயி மட்டும் சிரிக்கவில்லை. "என் பிள்ளை தூங்குது! எழுப்பச் சொல்ல நீங்க யாரு?" என்று சீறினாள்.

தொந்தியன் போய்விட்டான். மறுநாளும் வந்தான். அதற்கு மறுநாளும் வந்து அதையே சொன்னான். நல்லது சொல்கிறவர்களுக்கு ரோஷம் இருந்தால் வேலைக்கு ஆகாது!

"உங்க வீட்டைப் போய்ப் பாருங்களேன்!" என்று கத்தினாள் பூவாயி.

"எனக்கு வீடு இல்லை தங்கச்சி," என்றான் தொந்தியன். "எங்க பெட்டியிலயும் தூங்குதுன்னுதான் எல்லாரும் சொன்னாங்க. யாரும் மூடியைத் திறக்கலை. இப்போ அந்தக் காலிப் பெட்டியைக் காட்டித்தான் பாடம் நடக்குது. சாயங்காலம் ஆனா அங்கேதான் போகத் தோணுது. போய் என்ன பண்றது?"

பூவாயி உள்ளே போனாள். மூடியைத் தடவிப் பார்த்தாள். பிறகு கடித்துத் திறந்தாள்.

அவள் பிள்ளை தூங்கவில்லை. நீர் கோத்த பையாகக் கிடந்தது.

அதை அவளே தூக்கிக்கொண்டு ஓடைக்கு அப்பால் பறந்தாள். போட்டுவிட்டுத் திரும்ப மனம் வரவில்லை. அழுதுகொண்டே திரும்பினாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் தத்தம் மூடிகளைத் திறந்தார்கள். அறைகளைச் சுத்தம் செய்தார்கள். ராணி மறுபடி முட்டையிட்டாள்.

பூவாயி அதே அறைக்கு மறுபடி மூடி போட்டாள். பதினோராம் நாள் மூடி உள்ளேயிருந்து கடிபட்டது. ஈரத் தலை ஒன்று எட்டிப் பார்த்தது!

பூவாயி வாசலுக்கு ஓடினாள். "அண்ணே! வந்துடுச்சு அண்ணே!"

வாசலில் வீரம்மா மட்டும்தான் நின்றாள். "அவர் ஆத்துக்கு அந்தப் பக்கம் மருத மரத்துக் கூட்டுக்குப் போயிட்டாரே! அங்கே என்ன திட்டு வாங்கறாரோ!"

பூவாயி ஆற்றுப் பக்கமே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாம் நேசிப்பவர்களைக் காப்பாற்ற வேண்டுமானால், எதைப் பார்க்கப் பயப்படுகிறோமோ அதைத்தான் முதலில் திறந்து பார்க்க வேண்டும்.