மழையைக் கொண்டுவரும் குடை

மழையே இல்லாமல் நாடு காய்ந்து கிடந்தபோது, மந்திரி தாண்டவராயர் ஒரு மகா கண்டுபிடிப்போடு ராஜாவிடம் வந்தார்.

“மகாராஜா, மழை பெய்தபோதெல்லாம் கவனித்திருக்கிறேன். குடை பிடிக்கும் இந்த முத்திருளன் உங்களுக்கு மழைக்குடை விரித்திருந்தான். இப்போது விரிப்பதில்லை, மழையும் இல்லை. எல்லாம் இவன் சோம்பேறித்தனம்!”

ராஜாவுக்குத் தலை சுற்றியது. புரியாவிட்டாலும் உத்தரவு போடத்தானே ராஜா?

“முத்திருளா, குடையை விரித்து மழையை வரவழை. இல்லாவிட்டால் நாட்டைவிட்டே ஓடு.”

“ஆகட்டும் மகாராஜா. மந்திரி ஐயா சொல்றது சரியான்னு முதல்ல ஒரு சோதனை பண்ணிடலாமுங்களா? அரண்மனையில விருந்து நடந்தப்பல்லாம் ஐயாதான் பந்தியில முதல் ஆளு. அப்போ அவரு வந்து உட்கார்ந்தாலே சாப்பாடு வரணுமே?”

“வரும்போலத்தான் இருக்கிறது” என்றார் ராஜா, இன்னும் குழம்பி.

சமையற்காரர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, மந்திரியை வெறும் இலைமுன் உட்காரவைத்தார்கள். பொழுது சாய்ந்தது. இலை வாடியது, மந்திரி அதைவிட வாடினார்.

“அட, சாப்பாடு இருந்தால்தானே நான் வருவேன்! நான் வந்தால் சாப்பாடு எப்படி வரும்?” என்று கத்தினார்.

“குடையும் அப்படித்தானுங்க” என்றான் முத்திருளன்.

ராஜா அவனை விட்டுவிட்டார். குழப்பம்தான் ராஜாவை விடவில்லை.

“ஏன்டா, நான் கவிதை படித்தால் சபையே கைதட்டுகிறதே, அது கவிதைக்கா, கிரீடத்துக்கா?”

“அதே கவிதையை, கிரீடம் இல்லாம, முகத்தை மூடிக்கிட்டு, சந்தையில ஒருதரம் படிச்சுப் பாருங்க மகாராஜா.”

பிறகு மழை பெய்தது, ஆறும் நிறைந்தது. ராஜா மட்டும் இன்னும் சந்தைப் பக்கம் போகவில்லை.