பாசி பிடித்த கல்

“மறக்கணும் தாயே. அதுக்குத்தான் வந்தேன்,” என்றார் மருதையன்.

மலையடிவாரத்து ஆசிரமத்தில் அவர் சீடராகச் சேர்ந்து ஒரு மழைக்காலம் போய்விட்டது. குரு நல்லம்மைக்கு அவருடைய மகள் வயதுதான் இருக்கும். அதனாலென்ன, குரு குருதான்.

“எதை மறக்கணும்?”

“எங்க ஊர் ஓடையை. மண்ணைக் கொட்டி மனை போட்டுட்டாங்க. கண்ணை மூடினா அந்தச் சலசலப்புத்தான் கேக்குது. தியானம் எங்க வருது?”

“தோட்டத்துல அந்த ஓடையைக் கட்டுங்க.”

“தண்ணிக்கு எங்க போறது?”

“தண்ணி கேட்டேனா?”

முணுமுணுத்துக்கொண்டேதான் மண்வெட்டியை எடுத்தார். தண்ணீரில்லாத ஓடை கட்டச் சொல்லும் குருவைப் பற்றி யாரிடம் போய் அழுவது?

ஆனால் தோண்டத் தோண்டக் கைக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. வளைவின் வெளிப்பக்கம் பெரிய கற்கள். உள்பக்கம் மணல். நடுவே கூழாங்கற்கள். கரையில் நாணல்கூட நட்டார். முடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். அச்சு அசல் அதே ஓடை.

நல்லம்மை கரையில் வந்து நின்றார்.

“அந்தப் பக்கம் எப்படிப் போறது?”

“சும்மா இறங்கி நடங்க தாயே. தண்ணியா ஓடுது?”

“உங்க ஊர்லயும் இப்படித்தான் போனீங்களா?”



ஊரில், தாண்டிப் போகத் தட்டைக் கற்கள் கிடந்தன. நடுவில் இருந்த கல்லில் எப்போதும் பாசி. அதன் முன்னால் வந்ததும் அவர் மனைவி பூவாயி நின்றுவிடுவாள். “வா புள்ள” என்று கையைக் கொடுத்தால்தான் நகர்வாள். ஊரே பார்க்கும். அதற்காகவே நிற்கிறாளோ என்று அவருக்கு ஒரு சந்தேகம் உண்டு.

அவள் இறந்த பிறகுதான் அந்தச் சலசலப்பு கேட்க ஆரம்பித்தது. இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

மறுநாள் தட்டைக் கற்களைத் தேடிக் கொண்டுவந்து போட்டார். நடுவில் வைத்த கல்லைத் தடவிப் பார்த்தார். வெயிலில் சுட்டது. பொட்டு ஈரமில்லை.

நல்லம்மை வந்தார். மருதையன் அக்கரையில் நின்றார். குரு ஒரு கல்லில் கால் வைத்தார். அடுத்ததிலும் வைத்தார். நடுக்கல்லை நோக்கிக் காலைத் தூக்கினார்.

“பாத்து புள்ள! அது வழுக்கும்!”

மருதையனின் கை தானாக நீண்டிருந்தது. குருவையா ‘புள்ள’ என்றோம் என்று நாக்கைக் கடித்துக்கொண்டார். கையை மட்டும் இழுத்துக்கொள்ள முடியவில்லை.

நல்லம்மை சேலை நனையாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அந்தக் கையைப் பற்றினார்.