மைனாக்கள் குளிர்காய்ந்த கூரை

ஒரு மலைக்காட்டில் கரியன் என்ற கரடியும் அவன் மனைவி மலைச்சியும் குடியிருந்தார்கள். அந்த வருஷம் மலைச்சி பிள்ளை உண்டாகியிருந்தாள். கரியனுக்குத் தலைகால் புரியவில்லை. பழைய குகையை விட்டுவிட்டு, மேட்டின்மேல் புதிதாக ஒரு வீடு கட்டினான். யானை வந்தாலும் தலை இடிக்காது, அவ்வளவு உயரமான கூரை! நடுவில் கல் அடுக்கிய கணப்பு.

"காட்டிலேயே பெரிய வீடு நம்ம வீடுதான்!" என்று மார்தட்டிக்கொண்டான்.

மார்கழி பிறந்தது. புல்லும் பாறையும் பனியில் வெளுத்தன. மலைச்சிக்கு இரட்டைக் குட்டிகள் பிறந்தன. அன்று மூட்டிய கணப்பு அணையவே இல்லை. ஆனால் வீடு மட்டும் சூடாகவில்லை. எத்தனை விறகு போட்டாலும் எரிந்து சாம்பலானதுதான் மிச்சம். குட்டிகள் மலைச்சியின் வயிற்றடியில் புகுந்துகொண்டு நடுங்கின.

கரியன் விடிந்ததும் விறகு பொறுக்கப் போவான், பொழுது சாய்ந்து திரும்புவான். மூக்கு நுனியில் பனி உறைந்திருக்கும். பாதங்கள் மரத்துப்போயிருக்கும்.

"ஏங்க, வீட்டைச் சூடாக்குறேன்னு நாள் முழுக்கக் குளிர்லயே கிடக்குறீங்களே!" என்றாள் மலைச்சி.

"வேற என்ன செய்யச் சொல்ற? பிள்ளைங்க நடுங்குதே!"

பக்கத்தில் கிடந்த சுள்ளியெல்லாம் தீர்ந்தது. பிறகு காட்டுப்பன்றி பரட்டையனிடம் விறகு வாங்கினார்கள். விறகு விற்பதுதான் அவன் பிழைப்பு. ஒரு சுமைக்கு ஒரு தேனடை கேட்பான். சேர்த்து வைத்த தேன் மாதம் முடிவதற்குள் காலியாகிவிட்டது.

"தேன் இல்லைன்னா போகட்டும்!" என்றான் பரட்டையன் தாராளமாக. "உங்க வீட்டு முன்னாடி நிக்குற நாவல் மரத்தை எனக்குக் குடுத்துருங்க. பங்குனி வரைக்கும் விறகு என் பொறுப்பு!"

மலைச்சிக்குத் திக்கென்றது. அவர்கள் கோடையெல்லாம் சாப்பிடுவது அந்த மரத்துப் பழத்தைத்தான். தேனீக்கள் கூடு கட்டுவதும் அதன் கிளையில்தான்.

"பங்குனி வரைக்கும் அவ்வளவு விறகுக்கு எங்க போவீங்க அண்ணே?" என்று கேட்டாள்.

"எங்கயும் போகவேண்டாம்! அந்த மரத்தை வெட்டினாலே பாதி உங்களுக்கு, பாதி..." என்றவன் சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"எங்க மரத்தை வெட்டி எங்களுக்கே விறகாத் தருவீங்களா? நல்லா இருக்கே நியாயம்!"

கரியன் தலையைத் தொங்கப் போட்டான். "மரம் போனா போகட்டும் மலைச்சி. பிள்ளைங்களைக் காப்பாத்தணும்." பரட்டையன் பக்கம் திரும்பி, "நாளைக்குச் சாயங்காலம் வா. முடிவு சொல்றேன்" என்றான்.

மறுநாள் விடிந்தும் விடியாமலும் மலைச்சி வெளியே வந்தாள். நாவல் மரத்தைக் கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு வீட்டைத் திரும்பிப் பார்த்தாள். அப்படியே நின்றுவிட்டாள்.

புதர், பாறை, புல்வெளி எல்லாம் வெள்ளை வெளேரென்று இருந்தன. அவர்கள் வீட்டுக் கூரையில் மட்டும் ஒரு பொட்டுப் பனி இல்லை! அதன்மேல் மைனாக்கள் வரிசை வரிசையாக உட்கார்ந்திருந்தன. சிறகை உப்பிக்கொண்டு ஆனந்தமாகப் பாடிக்கொண்டிருந்தன!

"அக்கா, நீங்களும் மேலே வாங்க!" என்று கூப்பிட்டது ஒரு மைனா. "இந்த மலையிலேயே உங்க கூரை மாதிரி கதகதப்பான இடம் கிடையாது! ஆனா நேத்து ராத்திரி விறகு கொஞ்சம் குறைச்சிட்டீங்கபோல. எங்களுக்குக் கால் சில்லுன்னு ஆகிடுச்சு!"

மலைச்சி வாயைப் பிளந்தாள். பிறகு விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அடப்பாவிங்களா! என் புருஷன் முதுகு ஒடிய விறகு சுமந்தது உங்களுக்காகவா!"

ஓடிப்போய்க் கரியனை இழுத்து வந்தாள். "பாத்தீங்களா? சூடெல்லாம் மேலே ஏறிக் கூரை வழியாப் போயிடுது. கீழே நமக்கு ஒண்ணும் மிஞ்சல!"

கரியன் தலையைச் சொறிந்தான். "இப்ப என்ன பண்றது?"

"குறுக்கே மூங்கில் போட்டுத் தாழ்வா ஒரு பரண் கட்டுங்க. அதுமேல காய்ஞ்ச புல்லைப் பரப்புவோம். சுவத்துச் சந்துல பாசியை அடைப்போம்."

"தாழ்வாவா? அப்புறம் யானை வந்தா?"

"யானை எந்தத் தேதிக்கு வருதாம்?" என்றாள் மலைச்சி. கரியன் மூங்கில் வெட்டப் போனான்.

மைனாக்களின் முகம் வாடிவிட்டது. "எங்க இடம் போச்சே!"

"ஏன் போகுது? பரணுக்கு மேலே காத்துப் படாத இடம் கிடக்கே! புல்லும் பாசியும் கொண்டாந்து போடுங்க. நம்ம வீட்டுக்குள்ளேயே தூங்குங்க!"

அவ்வளவுதான்! மைனாக்கள் காடு முழுக்கப் பறந்தன. ஒன்று பாசி கொண்டுவந்தது. ஒன்று புல் கொண்டுவந்தது. ஒன்று எதையும் கொண்டுவராமல் எல்லாரையும் வேலை வாங்கியது. பொழுது சாய்வதற்குள் பரண் தயார்!

மலைச்சி கணப்பில் நாலே நாலு கட்டை வைத்தாள். சிறிது நேரத்தில் வீடு வெதுவெதுப்பானது. குட்டிகள் முதன்முறையாகத் தாயின் வயிற்றடியை விட்டு வெளியே வந்து, காலைப் பரப்பிக்கொண்டு படுத்தன. கரியன் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான். அவன் கண் கலங்கிவிட்டது.

அந்த நேரத்தில் பரட்டையன் கோடரியோடு உள்ளே வந்தான்.

"என்ன, முடிவு பண்ணியாச்சா?"

"ஆச்சு! மரத்தைத் தர முடியாது!" என்றான் கரியன்.

"தை மாசக் குளிர் தெரியாம பேசுற! நாலு கட்டையை வச்சுக்கிட்டு..." பேசப் பேசப் பரட்டையனுக்கு வியர்த்தது. அவன் வீட்டில் மலைபோல் விறகு அடுக்கியிருந்தது. ஆனால் விற்கும் ஆசையில் அவன் ஒருநாளும் தனக்கென்று தீ மூட்டியதில்லை. "கொஞ்சம் உட்கார்ந்துட்டுப் போறேன்" என்றான். உட்கார்ந்தவன் அப்படியே சாய்ந்து குறட்டை விட ஆரம்பித்தான். பரணில் இருந்த மைனாக்கள் அதே குறட்டையைத் திருப்பி விட்டன. கரியனும் மலைச்சியும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

மறுநாள் கரியன் விறகுக்குப் போகவில்லை. வெயில் ஏறும்வரை குட்டிகளோடு உருண்டு விளையாடினான்.

இன்னும் வேண்டும் என்று தேடி ஓடுவதற்கு முன்னால், கையில் இருப்பது எந்த வழியாகப் போகிறது என்று பார்த்து அடைப்பவரே சுகமாக வாழ்வார்.