கல்லு பொறுக்கி வச்ச திருடன்

ஒரு ஊர்ல ஒரு மோர்க்காரி இருந்தா கண்ணு, பேரு பூவாத்தா. ஒண்டிக்கட்டை. ஒரு எருமை, அதுக்கு ஒரு கன்னு, அவ்ளோதான் அவ பொழப்பு. காலைல வீட்டைப் பூட்டி, சாவிய நிலைக்கு மேல வச்சுட்டு, "மோரு... மோரேய்"னு தெருத்தெருவாப் போவா. ம் சொல்லு. ஆங்.

ஒரு நாள் திரும்பி வந்து பாத்தா, பித்தளைக் குடத்தைக் காணோம்! ஆனா அதுல இருந்த தண்ணியக் கீழ கொட்டாம, மண்பானைல ஊத்தி, தட்டு போட்டு மூடி வச்சிருக்கான் திருடன். வீட்டையும் பூட்டி, சாவிய எடுத்த எடத்துலயே வச்சிருக்கான். திட்டறதுக்கு வாயத் தொறந்தா பூவாத்தா. திட்டு வரல. "நான் தண்ணிக்கு அலையக் கூடாதுன்னு நெனச்சிருக்கான் பாரு"ன்னா.

அப்புறம் இன்னொரு நாள் அரிசி மூட்டை போச்சு. சர்ர்ருனு இழுத்துட்டுப் போன தடம் கெடக்கு. ஆனா ரெண்டு வேளைக்கான அரிசிய மொறத்துல போட்டு, கல்லு பொறுக்கி வச்சுட்டுப் போயிருக்கான்! "எங்க வீட்டுல எவன் இப்படிச் செய்யறான்?"னு பொம்பளைங்க எல்லாம் சிரிச்சாங்க. பக்கத்து வீட்டு மாரக்காதான், "அடியே, சாவிய எடம் மாத்துடி"ன்னா.

"மாத்தினா பூட்டை ஒடைப்பான். பதவிசா எடுக்கறவனை எதுக்குக்கா கெடுக்கணும்?"னா இவ. பைத்தியக்காரி!

தூங்கிட்டியா? ம்... சரி.

மூணாவது என்ன போச்சு? எருமையே போச்சு கண்ணு. வீட்டு வழியாவே கொல்லைக்குப் போயி ஓட்டிட்டுப் போயிட்டான். போறதுக்கு முன்னால பாலைக் கறந்து, கன்னுக்குன்னு சட்டியில வச்சிருந்தான். நுரை கூட அடங்கல. கன்னு மோந்து பாத்துச்சு. டங்குனு சட்டிய ஒதைச்சுத் தள்ளிட்டு, "ங்ஙே... ங்ஙே"ன்னு ஒரே கத்தல். அப்போதான் பூவாத்தாளுக்கு உறைச்சுது. இத்தனை நாளா அவன் வச்சுட்டுப் போனதையே பாத்துட்டு இருந்தோமே, எடுத்துட்டுப் போனதைப் பாக்கலையேன்னு அழுதா.

அப்புறம், விக்கத்தான் கொண்டு போயிருப்பான்னு, கன்னை இழுத்துக்கிட்டு திடுதிடுன்னு சந்தைக்கு ஓடினா. அங்க கன்னு "ங்ஙே"ன்னுச்சு. கூட்டத்துக்குள்ள இருந்து "ங்ஙாஆ"ன்னு தாய் எருமை பதில் குடுத்துச்சு. பக்கத்துல ஒல்லியா, சாந்தமா ஒருத்தன் கயித்தைப் பிடிச்சிட்டு நிக்கறான். எருமை முதுகுல ஈரச்சாக்கு வேற.

"வெயில் தாங்காதுன்னு போட்டேங்க்கா"ன்னான்.

"என் பொழப்பையே ஓட்டிட்டு வந்துட்டு, என்னை ஒழுங்காக் கோவப்படக்கூட விடலையேடா நீ!"

அவ போட்ட கூச்சல்ல சந்தையே கூடிருச்சு. அடிக்க வந்தவங்களை அவளே தடுத்தா. மரத்துல கட்டினதைத் தடுக்கல. தலையாரி வர நேரமாச்சு, அவனுக்கு நாக்கு வறண்டு போச்சு. அப்போ பூவாத்தா ஒரு செம்புல தண்ணி கொண்டாந்து, சிந்தாம அவன் வாயில ஊத்தினா. மடக், மடக், மடக்.

"உங்களுக்கு நல்ல மனசுங்க்கா. இந்தக் கட்டை மட்டும் கொஞ்சம் அவுத்து விட்டா..."

"ஆமாண்டா, எனக்கும் நல்ல மனசுதான். தண்ணி வேணும்னா இன்னும் குடி."

கட்டை அவ தொடவே இல்ல. ஆனா வீடு வந்து சேர்ற வரைக்கும் திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டே வந்தா. அவன் நல்லவனா கெட்டவனான்னு என்னைக் கேக்காத, எனக்கும் தெரியல.

எருமையும் கன்னும் வீடு வந்தாச்சு, கதையும் வந்தாச்சு. கண்ண மூடிக்கோ, தூங்கு.