ஊர்வழக்குப் படிப்பு என்ன எடை?

கோட்டைமலையை ஆண்ட வெள்ளியப்ப பூபதிக்கு எதையும் தராசில் நிறுத்துப் பார்த்தால்தான் நம்பிக்கை வரும். ஒருமுறை ஒரு சாமியார் அவரை ஆசீர்வாதம் செய்தார். அதற்கு முன்னும் பின்னும் தன்னை நிறுத்துப் பார்த்தார் ராஜா. எடை கூடவில்லை. சாமியாருக்குச் சாப்பாடு மட்டும் போட்டு அனுப்பிவிட்டார்.

இப்படிப்பட்ட ராஜாவுக்கு வாய்த்த பொக்கிஷதாரர் தனகோடியார். ஒருநாள் ராஜா தனியாக இருக்கும்போது மெல்ல அவர் காதில் போட்டார்.

"மகாராஜா, வைத்தியம் படித்தவன் சம்பாதிக்கிறான். கணக்குப் படித்தவன் சம்பாதிக்கிறான். ஊர்வழக்குப் படித்தவனுக்கு என்ன கிடைக்கிறது? முருங்கைக்காய்! அந்தப் பள்ளியை மூடிவிட்டால் வைக்கோல் அடுக்கவாவது இடம் கிடைக்கும்."

ஊர்வழக்குப் பள்ளி ராஜாவின் தகப்பனார் ஆரம்பித்தது. வாய் திறக்கப் பயப்படும் ஊர்களுக்காகச் சபையில் நின்று பேச ஆள் பழக்கும் இடம். படித்து முடித்தால் ஓர் ஓலைப் பட்டம். அது இல்லாமல் ஓர் ஊருக்காக யாரும் சபையில் பேச முடியாது. பேசியவர்களுக்கு ஊர்க்காரர்கள் கொடுத்தது முருங்கைக்காய்தான். அதில் பொய் இல்லை.

ராஜா தன் யோசனைக்காரர் கடம்பவனத்தைக் கூப்பிட்டார்.

"மூடலாமா?"

"வேண்டாம், மகாராஜா."

"அப்படியானால் நாளை மறுநாள் சபையில் தராசு வைக்கிறேன். ஒரு தட்டில் பட்டத்து ஓலை. மறு தட்டில் அந்தப் படிப்பு சம்பாதித்த பொன்னை வை. தானமாக வாங்கியது கூடாது. படிப்புக்கென்று ஒருவர் மனம் ஒப்பிக் கொடுத்ததாக இருக்க வேண்டும். பொன் தட்டு தாழ்ந்தால் பள்ளி இருக்கும். இல்லையென்றால் வைக்கோல். நிறுக்கும் முன் நீயும் தனகோடியாரும் சபையில் உங்கள் கட்சியைப் பேசுங்கள்."

கடைசி வாக்கியம் வரை பக்கத்தில் நின்ற தனகோடியாருக்கு மனம் குளிர்ந்திருந்தது. கணக்கில் அவர் புலி. நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும்.

சேதி கேட்டு, அந்தப் பள்ளியில் படித்துவந்த காத்தாயி கடம்பவனம் வீட்டுக்கு ஓடிவந்தாள். பட்டம் வாங்க அவளுக்கு இன்னும் ஒரு மாதம்தான் இருந்தது. அவள் ஊர் நொச்சிக்குளத்துக்குத் தண்ணீர் வரும் மடையை மேல்கரைப் பண்ணையார் அடைத்துவிட்டார். பண்ணையாருக்குப் பயந்து, பட்டம் வாங்கிய வேறு யாரும் அந்த வழக்கைத் தொடவில்லை.

"அய்யா, பள்ளிய மூடிட்டா எங்க ஊருக்குப் பேச நாதியில்ல. நாத்தெல்லாம் கருகிக்கிட்டு கெடக்கு" என்று அழுதாள்.

கடம்பவனம் வெற்றிலையில் நிதானமாகச் சுண்ணாம்பு தடவினார்.

"தனகோடியார் வீட்டுக்குப் போ. பள்ளிய மூடணும்னு அவர் பேச ஒரு பேச்சு தயார் பண்ணிக் கொடு. அவர் நாக்கையும் பழக்கிவிடு. படிச்ச வித்தை ஒண்ணு பாக்கியில்லாம காட்டு. கூலியில மட்டும் கறாரா இரு."

"எங்க கழுத்த நானே அறுக்கணுமா?"

"ஆமா. நல்லா கூரா அறு."

காத்தாயிக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் போனாள். பள்ளியை எப்படியும் மூடப்போகிறார்கள், பிழைப்பைப் பார்க்க வந்தேன் என்றாள். காசுக்கு மசியாத ஆளைத் தனகோடியார் அதுவரை கண்டதில்லை. அதனால் அவருக்குச் சந்தேகம் வரவில்லை. கூலியாக ஒரு வேளைச் சாப்பாடு என்று ஆரம்பித்தார். சாப்பாட்டுக்கு முகவுரை மட்டும்தான் வரும் என்றாள் அவள். சபையில் வாயடைத்து நிற்பதை நினைத்துப் பார்த்தார் அவர். கடைசியில் அவர் கொடுத்ததைக் காத்தாயி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

சபை கூடியது. தனகோடியார் எழுந்தார். எழுந்தவர் தனகோடியார்தானா என்று எல்லோருக்கும் சந்தேகம் வந்துவிட்டது.

"மகாராஜா! மூன்று வருஷம் பிள்ளையைப் பிரிந்து, வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறாள் ஒரு தாய். பிள்ளை வருகிறான். கையில் என்ன? ஓர் ஓலை! அதை அவள் அடுப்பில் வைத்து எரிப்பதா, இலையில் வைத்துப் பரிமாறுவதா?"

சேனாபதி கண்ணைத் துடைத்துக்கொண்டார். காத்தாயி தூணோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் கோத்த பேச்சு அவள் ஊரையே விழுங்கிக்கொண்டிருந்தது. அந்தத் தாயைக் கொஞ்சம் மட்டமாக எழுதியிருக்கலாம் என்று நொந்துகொண்டாள்.

ராஜா பெருமூச்சு விட்டார். "இப்படி ஒரு பேச்சை நான் கேட்டதில்லை. பள்ளியை இப்போதே மூடலாம் போலிருக்கிறது. கடம்பவனம், உன் கட்சி?"

"நான் பேசவில்லை, மகாராஜா. நிறுத்துவிடலாம்."

ஒரு தட்டில் ஓலையை வைத்தார்கள். கடம்பவனம் திரும்பி, "காத்தாயி, உன் கூலியை வை" என்றார்.

அவள் முந்தானையை அவிழ்த்தாள். கனத்த பொன் காப்பு ஒன்று தட்டில் விழுந்தது. தட்டு தடாலென்று இறங்கியது.

ராஜா குனிந்து பார்த்தார். "இது நான் தனகோடியாருக்குப் போட்ட காப்பு ஆயிற்றே!"

"அதேதான், மகாராஜா. இப்போது நீங்கள் கேட்ட பேச்சுக்காக இந்தப் பெண்ணுக்கு அவர் மனம் ஒப்பிக் கொடுத்தது. இவள் இன்னும் பட்டம்கூட வாங்கவில்லை. தன் ஊர் நொச்சிக்குளத்து மடை வழக்கைப் பேச அதற்காகத்தான் காத்திருக்கிறாள்."

ராஜா தனகோடியாரின் வெறும் மணிக்கட்டைப் பார்த்தார். தட்டைப் பார்த்தார். பிறகு சிம்மாசனம் ஆட ஆடச் சிரித்தார்.

"பத்துக் காசு பெறாத படிப்பு என்று சொல்வதற்கா பொன் காப்பைக் கழற்றினீர்? பள்ளி இருக்கட்டும். காப்பும் அவளிடமே இருக்கட்டும். பெண்ணே, உன் பட்டத்துக்கு நான் காத்திருக்கப் போவதில்லை. நொச்சிக்குளத்து வழக்கை இன்றே பேசு."

காத்தாயி கண்ணீரைத் துடைத்துக்கொண்டு சபை நடுவே வந்தாள்.

"தனகோடியாரே, அதற்கு முன் உமக்கு ஏதாவது பதில் உண்டா?" என்றார் ராஜா.

தனகோடியார் வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. மெல்லக் காத்தாயி பக்கம் திரும்பிப் பரிதாபமாகப் பார்த்தார்.

காத்தாயி கைகூப்பினாள்.

"அய்யா, நாம பேச்சுக்கு மட்டுந்தானே கூலி முடிவு பண்ணோம்? பதில் அதுல சேராதுங்களே."