வாலைக் கடித்த தம்பி

காட்டாற்றின் இக்கரையில் வழுக்கி என்றொரு நீர்நாய் இருந்தாள். அக்கரையில் அவளுடைய தம்பி துடுப்பன் இருந்தான். நடுவில் ஓடியது ஆறு மட்டுமா? ரோஷமும்தான்!

விரால் மீனின் தலை யாருக்கு என்று தொடங்கிய சண்டை அது. மீன் அன்றைக்கே செரித்துவிட்டது. சண்டைதான் இன்னும் செரிக்கவில்லை.

முன்பெல்லாம் ஒருவர் மீனை விரட்டுவார், மற்றவர் மடக்குவார். இப்போது வழுக்கி தனியாக விரட்டினால் மீன்கள் வாலை ஆட்டிவிட்டுப் போயின. பாதி நாள் பட்டினி. பட்டினியைக்கூடப் பொறுத்துக்கொண்டாள். தம்பியைப் பார்க்காமல் இருப்பதைத்தான் பொறுக்க முடியவில்லை.

ஆனாலும் மூத்தவளாயிற்றே! "நானா முதலில் போவது? நன்றாயிருக்கிறதே நியாயம்!" என்று முறுக்கிக்கொண்டாள்.

அதனால் கருவாயன் என்ற நீர்க்காகத்தைத் தூது அனுப்பினாள். கையோடு ஒரு நல்ல மீனும் கொடுத்தாள்.

"தம்பியிடம் கொடு. அக்கா உன் நினைவாகவே இருக்கிறாள் என்று சொல்!"

"ஆகட்டும் அம்மணி!" என்று பறந்தது கருவாயன். திரும்பி வந்து அலகைக் கோணிக்கொண்டது. "மீனை மோந்துகூடப் பார்க்கவில்லை. 'அவள் மூஞ்சியில் முழிக்க மாட்டேன்' என்கிறான்!"

வழுக்கி அழுதாள். மறுபடியும் மீன் அனுப்பினாள். மறுபடியும் அதே பதில். இவள் மெலிய மெலிய, தூது போன கருவாயன் மட்டும் தளதளவென்று கொழுத்தது!

ஒருநாள் முள்ளை ஒடிக்காமல் ஒரு கெளுத்தி மீனைக் கொடுத்தனுப்பினாள். திரும்பி வந்த கருவாயனுக்குப் பேச்சே வரவில்லை. "க்கெ... க்கெ..." என்று கழுத்தை நீட்டி நீட்டி இருமியது. கெளுத்தி முள் தொண்டையில் குறுக்கே நின்றது!

"அடப்பாவி! மீன் உன் வயிற்றுக்குள்ளா போச்சு?" என்று மனதுக்குள் கறுவினாள் வழுக்கி. "அப்படியென்றால் பதிலும் பொய்! என் பேரைச் சொல்லி அவனிடம் என்னென்ன ஓதி வைத்திருக்கிறதோ! இப்போது நேரில் போனால் கடித்துக் குதறிவிடுவானே!"

கொஞ்சம் யோசித்தாள். மீசையைத் தடவிக்கொண்டு சிரித்தாள். ஒன்றும் தெரியாதவள்போல முள்ளைப் பிடுங்கிவிட்டுச் சொன்னாள்:

"அவனுக்கு இனிமேல் மீனும் கிடையாது, மண்ணும் கிடையாது! நான் திட்டுவதை மட்டும் போய்ச் சொல். 'குட்டியில் தண்ணீரைக் கண்டு மூத்திரம் போனவன்தானே நீ? என் வாலைக் கடித்துத் தொங்கிக்கொண்டே நீச்சல் பழகிய பயந்தாங்கொள்ளி!' ஒரு சொல் குறையக் கூடாது!"

கருவாயனுக்கு ஒரே குஷி! நல்ல வார்த்தையைத் திரித்துச் சொல்லிப் பழகிய வாய்க்கு, திட்டைத் திரிக்கத் தேவையே இல்லையே! அப்படியே போய் ஒப்பித்தது.

துடுப்பனுக்கு அக்காவின் வாலைக் கவ்விக்கொண்டு நீந்திய நாள் நினைவுக்கு வந்தது. அந்தக் கதை அக்காவைத் தவிர யாருக்குத் தெரியும்? "இது அவள் வாய்தான்! இது என் அக்காவேதான்!" என்று ஆற்றில் பாய்ந்தான்.

இக்கரைக்கு வந்ததும் நேரே போய் அவள் வாலைப் பல்லால் கவ்விக்கொண்டான், குட்டியில் கவ்விய மாதிரியே.

"விடுடா, வலிக்குது!" என்றாள் வழுக்கி. கண்ணில் தண்ணீர், வாயெல்லாம் சிரிப்பு.

"விட மாட்டேன் போ! என்னை ஏன் அக்கா சனியன் என்று சொல்லி அனுப்பினாய்?"

"நானா சொன்னேன்? உனக்கு அனுப்பிய மீனெல்லாம் எங்கே போச்சு தெரியுமா?"

இருவரும் மெல்லத் திரும்பிக் கரை மரத்தைப் பார்த்தார்கள். கருவாயன் அதற்குள் மலை தாண்டிப் பறந்துவிட்டது!

கூடப்பிறந்தவரிடம் சேர நினைத்தால் நடுவில் ஆள் தேடாதே. நேரே போய் நாலு திட்டு திட்டினாலும் உறவு ஒட்டிக்கொள்ளும்.